நெடுஞ்சாலையில் ராத்திரி கார் நின்றால் இறங்குவதா, உள்ளேயே பூட்டிக்கொண்டு உட்காருவதா?

தாமிரபரணிக்காரி:

சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் நானே கார் ஓட்டிக்கொண்டு போய்வருகிறேன். வீட்டுக்காரர் மஸ்கட்டில். கூட வருவது அத்தையும் இரண்டு பிள்ளைகளும்; சின்னவனுக்கு நாலு வயது. பகல் வெயிலில் பிள்ளைகள் சுருண்டுவிடுகிறார்கள் என்று விடிகாலை மூன்று மணிக்கே கிளம்பிவிடுவோம். திரும்பி வரும்போது உளுந்தூர்பேட்டை தாண்டுவதற்குள் எப்படியும் இருட்டிவிடும்.

பொங்கல் முடிந்து திரும்பும்போது அங்கேதான் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. இடப்பக்கம் ஓரங்கட்டி நிறுத்தினேன். பைக்கில் போன இரண்டு பேர் நின்று உதவ வந்தார்கள். நல்ல மனசுக்காரர்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒருவர் தோளில் கிடந்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். வேண்டவே வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். இன்னொருவர், "பிள்ளைங்களை வெளியே விடாதீங்கக்கா, ரோட்டுக்கு ஓடிடும். உள்ள வச்சுப் பூட்டிடுங்க" என்றார். அத்தையும் அதையே சொன்னார். பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் அந்தக் காற்றில் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. முன்னால் தொங்கும் பிள்ளையார் பொம்மை ஆடுவது நிற்கவே இல்லை. சின்னவன் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான், எனக்கு அடிவயிறு கலங்கியது.

இப்போது என் கேள்வி. "நெடுஞ்சாலையில் நின்ற காருக்குள் உட்காராதே, இறங்கிவிடு" என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். "ராத்திரியில் பெண்கள் இறங்கவே கூடாது, கதவைப் பூட்டு" என்று இன்னொரு பக்கம். இரண்டுமே எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. அந்த இடத்தில் எது சரி? மே மாதம் எல்லோரையும் கொடைக்கானலுக்கு வேறு கூட்டிப்போகிறேன். இந்தச் சாலைகளிலேயே கிடப்பவர்கள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

விழுப்புரம் பட்டறை:

தங்கச்சி, மூடியைத் திறக்க விடாமல் தடுத்தீர்கள் பாருங்கள், அது ரொம்பச் சரி. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் பெரிய கேள்வி.

இறங்கிவிடுங்கள். எல்லோரும். இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய்விடுங்கள்.

பைபாஸ் ஓரம் பட்டறை வைத்திருக்கிறேன், பழுதான வண்டிகளை ஏற்றிப்போகும் ரெக்கவரி வண்டியும் ஓட்டுகிறேன். ராத்திரி போன் வந்து போகிற இடங்களில் பழுது என்பது பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. பஞ்சர், பெல்ட் அறுந்தது, பேட்டரி இறங்கியது, அவ்வளவுதான். ஆள் போகிற கேஸ் எப்படி வருகிறது தெரியுமா? நின்ற வண்டியின் முதுகில் இன்னொரு வண்டி வந்து ஏறுகிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார் ஒரு நொடிக்கு 28 மீட்டர் ஓடிவிடும். இருட்டில் நிற்கிற வண்டியின் சிவப்பு விளக்கும் ஓடுகிற வண்டியின் சிவப்பு விளக்கும் தூரத்துக்கு ஒன்றாகத்தான் தெரியும். நிற்கிறது என்று புரிவதற்கே ஒன்றிரண்டு நொடி போய்விடும். புரிந்து காலை பிரேக்கில் வைக்கும்போது ஐம்பது மீட்டர் கரைந்திருக்கும், பிரேக் பிடித்து நிற்க இன்னும் ஐம்பது. விடிகாலை மூன்று, நாலு மணிக்கு லோடு லாரி ஓட்டுகிறவர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிற நேரம் அது. நீங்கள் கிளம்புகிற நேரமும் அதுதான், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வண்டி கொஞ்சமாவது உருள்கிறது என்றால் அந்த இடத்திலேயே நின்றுவிடாதீர்கள். இடது இண்டிகேட்டர் போட்டு, வேகத்தைக் குறைத்து, ஓரமாகவே ஊர்ந்து போங்கள். பெட்ரோல் பங்க், டோல்கேட், லாரிகள் நிறுத்தும் இடம், விளக்கு எரிகிற டீக்கடை, சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கும் வழி, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை. டயர் பஞ்சர் ஆகியிருந்தாலும் இப்படியே போகலாம். டயர் கிழியும், ரிம்முகூட நெளியலாம். நெளியட்டும், டயரும் ரிம்மும் கடையில் கிடைக்கும். என்ஜின் ஆயில் விளக்கு, அதாவது எண்ணெய்க் குவளைப் படம் சிவப்பாக எரிந்தாலோ, ஆவி வந்தாலோ மட்டும் ஊர்ந்து போகிற தூரத்தை நூறு, இருநூறு மீட்டருக்குள் முடித்துக்கொள்ளுங்கள். பாலத்தின் மேல், வளைவில், மேம்பாலம் ஏறி இறங்குகிற முதுகுக்கு அடுத்தாற்போல் நிற்கவே கூடாது. பின்னால் வருகிறவருக்கு நீங்கள் கடைசி நிமிடம்வரை தெரிய மாட்டீர்கள்.

நின்ற பிறகு ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்து வையுங்கள். ஹேண்ட் பிரேக். டாஷ்போர்டில் இருக்கும் சிவப்பு முக்கோணப் பொத்தானை அழுத்தினால் நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து மினுக்கும். பார்க்கிங் லைட்டும் எரியட்டும். அப்புறம் ஆட்கள் இறங்க வேண்டும். பின்சீட்டில் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் நகர்ந்து வந்து இடப்பக்கமாகத்தான் இறங்க வேண்டும். ஓட்டுகிறவரும் கியருக்கு மேலே காலைத் தூக்கிப் போட்டு இடப்பக்கம் வர முடிந்தால் நல்லது. சேலை கட்டியிருந்தால் கஷ்டம்தான். வலப்பக்கமாகத்தான் இறங்க முடியும் என்றால், பின்னால் வண்டி இல்லாத நேரம் பார்த்துச் சட்டென்று இறங்கி, காரின் பின்பக்கமாகச் சுற்றாமல் முன்பக்கமாகச் சுற்றி வாருங்கள்.

எங்கே நிற்பது என்பதில்தான் பலருக்குக் குழப்பம். காருக்கு முன்னால் போய் நிற்காதீர்கள். அடி விழுந்தால் கார் முன்பக்கம்தான் பாயும். கம்பிக்கு அந்தப் பக்கம், வண்டிகள் வருகிற திசையில் கொஞ்சம் பின்தள்ளி நில்லுங்கள். காலை வைக்கும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள். சில இடங்களில் கம்பிக்கு அடுத்து நேராக வாய்க்கால் இருக்கும்.

முக்கோணப் பலகை டிக்கியில் இருக்கும், பல பேர் அதன் உறையைக்கூடப் பிரித்திருக்க மாட்டார்கள். பகலில் வீட்டு வாசலிலேயே ஒருமுறை எடுத்து விரித்துப் பழகுங்கள். நெடுஞ்சாலையில் அதை வைக்க வேண்டியது காருக்குப் பின்னால் நூறு மீட்டரில், உங்கள் நடைக்கு நூற்று முப்பது, நூற்று நாற்பது எட்டு வரும். காருக்குப் பின்னால் பத்து எட்டில் வைத்தால் வைக்காததற்குச் சமம். கொண்டுபோகும்போது மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு போகாமல், விரித்து, வருகிற வண்டிகளுக்குத் தெரிகிற மாதிரி முன்னால் பிடித்துக்கொண்டு, கம்பிக்கு அந்தப் பக்கமாக நடங்கள். பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டு நூறு மீட்டர் போக மனசு வராது என்றால் போக வேண்டாம். அத்தையோடு பிள்ளைகள் பத்திரமாக நிற்பதுதான் முதலில்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன், இது உங்களுக்கு மட்டுமல்ல, படிக்கிற எல்லோருக்கும். நம் ஊரில் வண்டி நின்றால் கல்லை உருட்டி வைப்பார்கள், கருவேலங்கிளையை ஒடித்துப் போடுவார்கள். வேறு வழி இல்லாதபோது சரி. ஆனால் வண்டி சரியானதும் கல்லை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அடுத்து வருகிற பைக்காரனுக்கு அது எமன். வைத்த கையாலேயே எடுத்துப் போடுங்கள்.

போன் செய்ய 1033. தேசிய நெடுஞ்சாலைக்கான எண், ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள். ரோந்து வண்டி, கிரேன், ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் அதுவே. எந்த இடம் என்று கேட்பார்கள். பக்கத்தில் இருக்கும் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும், சென்னை நோக்கிப் போகிற பக்கமா திருச்சி நோக்கிப் போகிற பக்கமா என்பதையும் சொல்லுங்கள். பக்கத்தைச் சொல்லாவிட்டால் வண்டி எதிர்ப்பக்கம் வந்து, சாலை நடுத்திட்டில் உள்ள அரளிச் செடிக்கு அந்தப் பக்கம் நின்று கையசைத்துவிட்டு, திரும்ப வழி தேடி வெகுதூரம் சுற்ற வேண்டியிருக்கும்.

தாம்பரம்–தஞ்சாவூர்:

பட்டறை அண்ணன் சொல்வதில் லாரி பற்றிய பகுதியை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு பெண்ணாக எனக்கு முழுச் சம்மதம் இல்லை. வேலை விஷயமாகத் தனியாக ராத்திரியில் ஓட்டுகிறவள் நான். வீடு, கடை எதுவும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தனியாக இறங்கி நிற்பது என்பது வேறு விஷயம். ஆண்களுக்கு அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று தெரியாது.

நான் செய்வது இது. சர்வீஸ் ரோட்டிலோ பங்க் வளாகத்திலோ நின்றுவிட்டால் இறங்க மாட்டேன், கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேதான் இருப்பேன். யாராவது வந்தால் கண்ணாடியை ஓர் அங்குலம் மட்டும் இறக்கிப் பேசுவேன். "ஆள் வந்துகொண்டே இருக்கிறார், பக்கத்தில் வந்துவிட்டார்" என்றுதான் சொல்வேன், தனியாக இருக்கிறேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. தமிழ்நாடு போலீஸின் காவல் உதவி செயலியைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள், அதில் சிவப்புப் பொத்தான் இருக்கிறது. போலீஸ் அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவி எண் 181. வண்டி நின்ற உடனே வீட்டில் இருப்பவர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் அனுப்பிவிடுங்கள். சார்ஜ் போவதற்குள் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான்.

தாமிரபரணிக்காரி:

இரண்டு பேருக்கும் நன்றி. அண்ணாச்சி, ஒரு சந்தேகம். அத்தைக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. கம்பியைத் தாண்டு என்றால் முடியவே முடியாது, குனிந்து நுழையவும் முடியாது. அந்த நிலைமையில் என்ன செய்வது?

அப்புறம், அன்றைக்கு ஆவி வந்ததற்குக் காரணம் ரேடியேட்டர் ஃபேனை ஓடவைக்கும் சுவிட்சான ரிலே என்று மெக்கானிக் சொன்னார். ஃபேன் சுற்றவே இல்லையாம். அதை ஓட்டும்போதே கண்டுபிடிக்க வழி உண்டா?

விழுப்புரம் பட்டறை:

தஞ்சாவூர்த் தங்கை சொல்வது சரி. சர்வீஸ் ரோட்டிலும் பங்க்கிலும் உள்ளேயே இருக்கலாம், அதை நான் பிரித்துச் சொல்லாமல் விட்டது குறைதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வேகமாக வண்டி போகிற பாதைக்கும் உங்களுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். நடுவில் வெறும் வெள்ளைக்கோடு மட்டும்தான் என்றால் உள்ளே இருக்காதீர்கள்.

பயத்தைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். ராத்திரியில் நாலு இண்டிகேட்டரும் மினுக்குகிற கார்தான் தூரத்திலிருந்து தெரியும். கம்பிக்கு அந்தப் பக்கம், பத்து இருபது மீட்டர் தள்ளி இருட்டில் நிற்கிற உங்களை யாருக்கும் தெரியாது. காரைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, டார்ச்சை அணைத்துவிட்டு நில்லுங்கள். யாராவது நிறுத்தினால் அவர் முதலில் காரிடம்தான் போவார். ஆளைப் பார்த்து, வண்டி எண்ணைப் பார்த்து, பேசலாம் என்று தோன்றினால் மட்டும் குரல் கொடுங்கள். ரோந்து வண்டிக்கு மேலே சுழல் விளக்கு இருக்கும், தூரத்திலேயே தெரிந்துவிடும்.

அத்தை விஷயம். கம்பி எல்லா இடத்திலும் தொடர்ச்சியாக இருக்காது, விட்டு விட்டுத்தான் போட்டிருப்பார்கள். உருட்டிக்கொண்டு போய் நிறுத்தும்போதே அப்படி ஒரு இடைவெளியைப் பார்த்து நிறுத்த முடிந்தால் பாதி வேலை முடிந்தது. அவர் இறங்கவே முடியாது என்ற நிலைமை வந்தால், இடப்பக்கச் சீட்டில், பெல்ட் போட்டுக்கொண்டு, தலையைச் சீட்டின் தலையணையோடு ஒட்டி வைத்துக்கொண்டு இருக்கட்டும். பிள்ளைகளை அவரோடு உள்ளே விடாதீர்கள், நீங்கள் கையில் பிடித்துக்கொண்டு கம்பிக்கு அந்தப் பக்கம் போய்விடுங்கள். கேட்க மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். அந்தச் சமயத்தில் 1033-க்குப் பேசும்போது "நடக்க முடியாத பெரியவர் காருக்குள் இருக்கிறார், நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கிறோம்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அது வெறும் பஞ்சர் அழைப்பு இல்லை என்று அவர்களுக்குப் புரிய வேண்டும்.

இனி ஃபேன். ஃபேன் ஓடாத வண்டி நெடுஞ்சாலையில் எண்பது, தொண்ணூறில் போகும்போது ஒன்றும் காட்டாது, எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். டோல்கேட் வரிசையில் ஊர்ந்து நிற்கும்போதுதான் டாஷ்போர்டில் என்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறும். ஏசியும் அந்த நேரத்தில் குளிர்ச்சி குறைந்து வெதுவெதுவென்று வரும், ஏனென்றால் ஏசியின் கண்டென்சருக்கும் அதே ஃபேன்தான் காற்று தருகிறது. பிள்ளைகள் "அம்மா, ஏசி வரலை" என்று சொன்னால் உடனே வெப்ப முள்ளைப் பாருங்கள். சில புது வண்டிகளில் முள்ளே கிடையாது, நீல விளக்கும் சிவப்பு விளக்கும்தான். சிவப்பு எரிந்தால் அதன்பின் யோசிக்க நேரமில்லை. கிளம்பும் முன் வீட்டு வாசலில் என்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். கொஞ்ச நேரத்தில் முன்பக்கம் ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்க வேண்டும்.

முள் ஏறுகிறது, ஆவி இன்னும் வரவில்லை என்றால், ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றையும் முழு வேகத்தில் விடுங்கள். கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள். சித்திரை வெயிலில் ஹீட்டரா என்று பிள்ளைகள் அழுவார்கள். ஆனால் என்ஜின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே இழுத்துவிடும், ஒரு பங்க் வரை போய்ச் சேர அது போதும். ஆவி வந்துவிட்டால் ஓரங்கட்டி உடனே என்ஜினை அணைக்க வேண்டியதுதான்.

ஏன் மூடியைத் திறக்கக் கூடாது என்றால், உள்ளே என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் அழுத்தத்தில் இருக்கிறது. அந்த அழுத்தத்தால்தான் நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் திரவமாக இருக்கிறது. மூடி கழன்ற நொடியில் அழுத்தம் போய்விடும், மொத்தமும் ஒரே வீச்சில் கொதித்து முகத்துக்குப் பீறிடும். துண்டு சுற்றிய கை, சுற்றாத கை என்றெல்லாம் அதற்குத் தெரியாது. கையிலும் கழுத்திலும் அந்தத் தழும்போடு என் தொழிலில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அரைமணி, முக்கால் மணி ஆறவிடுங்கள். ரேடியேட்டரின் மேல் ரப்பர் குழாயைப் பிடித்து அமுக்கிப் பார்த்தால் சூடில்லாமல், விறைப்பில்லாமல் அமுங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மூடி. தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கொதிக்கிற என்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கவிழ்த்தால் என்ஜினின் மேல்பகுதியான ஹெட் விரிசல் விடும். அவசரத்துக்கு வாட்டர் பாட்டில் தண்ணீர் போதும், ஊருக்கு வந்து கூலன்ட் மாற்றிக்கொள்ளலாம். ஒருமுறை கொதித்த வண்டியில் என்ஜின் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான கேஸ்கெட் போய்த் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. அதன்பின் ஸ்டார்ட் செய்யாமல் ரெக்கவரி வண்டியில் ஏற்றுவதுதான் மிச்சம்.

ஆவியா, புகையா என்று மட்டும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். கூலன்ட் ஆவி வெள்ளையாக, லேசான இனிப்பு வாசனையோடு வரும். கறுத்த புகையோ, ஒயர் கருகிய நாற்றமோ வந்தால் பானெட்டைத் திறக்கவே கூடாது. திறந்தால் காற்றுப் போய்த் தீ எழும். என்ஜினை அணைத்து, பையைக்கூட எடுக்காமல் இறங்கி, நன்றாகத் தள்ளிப் போய்விடுங்கள்.

கூப்பிடாமலேயே ஒரு ரெக்கவரி வண்டி வந்து நிற்கும். கொக்கியை மாட்டுவதற்கு முன் எங்கே கொண்டுபோகிறார், மொத்தம் எவ்வளவு என்று பேசி முடித்துவிடுங்கள். உங்கள் இன்சூரன்ஸில் சாலை உதவி சேர்ந்திருந்தால் அந்த எண் பாலிசித் தாளில் இருக்கும். அதைப் போனில் பதிந்து வைப்பதோடு, ஒரு காகிதத்தில் எழுதி வெயில் மறைப்பின் பின்னாலும் செருகி வையுங்கள்.

வத்தலக்குண்டு டூரிஸ்ட் வண்டி:

கொடைக்கானல் என்று கண்ணில் பட்டதால் எழுதுகிறேன் அக்கா. கீழிருந்து ஏறும்போது என்ஜின் சூடு, இறங்கும்போது பிரேக். மேலே இருப்பது 2,100 மீட்டர். அவ்வளவு உயரத்தையும் பிரேக்கை மட்டும் மிதித்து இறங்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். பெருமாள்மலை தாண்டிக் கீழே வரவர டம்டம் பாறை பக்கம் வண்டிகள் ஓரமாக நிற்கும், சக்கரத்திலிருந்து கருகிய நாற்றம் வரும், சுற்றி நின்று குடும்பமே பார்த்துக்கொண்டிருக்கும்.

இறங்கும்போது இரண்டாவது கியர், செங்குத்தான வளைவில் முதல் கியர். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். ஆட்டோமேட்டிக் என்றால் எல் அல்லது மேனுவல் நிலை. நியூட்ரலில் உருட்டி பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். தொப்பூர் கணவாயில் இத்தனை லாரிகள் கவிழ்வதற்கு இந்த நியூட்ரல் பழக்கமும் ஒரு பெரிய காரணம். பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வராமல், அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு முழுசாகக் காலை எடுத்துவிடுங்கள், அது ஆற வேண்டும்.

மலை ஏறுவதற்கு முன் பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று பாருங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். புதுசாக இருக்கும்போது டாட் 3 என்ற வகை ஆயில் கொதிக்க 205 டிகிரி ஆக வேண்டும், ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். டாட் 4 என்றால் 230-ம் 155-ம். கொதித்தால் குழாய்க்குள் குமிழி விடும், பிரேக் மிதி தரை வரைக்கும் போகும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிட்டால் அந்தக் கவலை இல்லை.

மிதி தொய்ந்துவிட்டது என்று தெரிந்தால் என்ஜினை மட்டும் அணைத்துவிடாதீர்கள். அணைத்தால் ஸ்டீயரிங் கல்லாகிவிடும், மிச்சமிருக்கும் பிரேக்கும் போகும். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், மிதியை வேகமாகத் திரும்பத் திரும்ப அழுத்துங்கள், ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் வண்டி சுற்றிவிடும். அப்படியும் நிற்காவிட்டால் மலைச்சுவர்ப் பக்கம் உரசி நிறுத்துங்கள், பள்ளத்துப் பக்கம் போகவே கூடாது. மலையில் வண்டியை நிறுத்தும்போது கியரில் போட்டு, சக்கரத்தை மலைச்சுவர்ப் பக்கம் ஒடித்து, சக்கரத்துக்கு ஒரு கல் கொடுங்கள். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும், அதையும் நினைவில் வையுங்கள்.

இ-பாஸ் எடுத்துவிட்டு வாருங்கள். 2024 மே மாதத்திலிருந்து கேட்கிறார்கள்.

அவசர சிகிச்சைப் பிரிவு செவிலியர்:

கார் பழுது எனக்குத் தெரியாது. எங்களிடம் வந்து சேர்கிறவர்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வழியில் விபத்தைப் பார்த்தால் உங்கள் காரை விபத்து நடந்த இடத்தைத் தாண்டிப் போய், பாதையை விட்டு இறக்கி நிறுத்துங்கள். 108-க்கு அழையுங்கள். அடிபட்டவரைத் தூக்கி உட்காரவைப்பது, தண்ணீர் கொடுப்பது இரண்டும் வேண்டாம். பாசத்தோடுதான் செய்கிறார்கள், ஆனால் கழுத்தெலும்பு நகர்ந்திருந்தால் அந்த ஒரு தூக்கலில் கை கால் செயலற்றுப் போகலாம். மயக்கத்தில் இருப்பவருக்குத் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கும். தீயோ, மறுபடி வண்டி மோதும் அபாயமோ இருந்தால் மட்டும் நகர்த்துங்கள். ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை மடித்து வைத்து விடாமல் அழுத்திப் பிடியுங்கள். ஊறி நனைந்தாலும் எடுத்துப் பார்க்காமல் மேலேயே இன்னொரு துணியை வையுங்கள்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 134ஏ பிரிவு உதவி செய்தவரைக் காப்பாற்றுகிறது. உங்கள் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று மருத்துவமனையோ போலீஸோ கட்டாயப்படுத்த முடியாது. பணம் யார் கட்டுவது என்ற பயமும் வேண்டாம். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிவைத்த 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டுச் சாலைகளில் அடிபட்டவருக்கு, அவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும்.

தாமிரபரணிக்காரி:

எல்லாவற்றையும் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "எனக்காக நீங்க யாரும் உள்ள இருக்கக் கூடாது" என்று அவரே சொல்லிவிட்டார். நான் மறுத்துப் பேசவில்லை, ஆனால் இனிமேல் இடைவெளி பார்த்து நிறுத்துவதை மறக்கமாட்டேன்.

அண்ணாச்சி, கடைசியாக ஒன்று. டயர் மாற்ற எனக்குத் தெரியும், ஓட்டுநர் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். நெடுஞ்சாலையில் நானே மாற்றலாமா?

விழுப்புரம் பட்டறை:

இடப்பக்க டயர், வண்டியும் பாதையை விட்டு முழுசாக இறங்கி நிற்கிறது, பகல் நேரம் என்றால் மாற்றுங்கள். வலப்பக்க டயர் என்றால் நெடுஞ்சாலை ஓரத்தில் மாற்றவே கூடாது. குனிந்து உட்காரும்போது உங்கள் முதுகு லாரி போகிற பாதையில் இருக்கும். நான் இந்தத் தொழிலிலேயே இருக்கிறேன், ரெக்கவரி வண்டியைப் பின்னால் அணையாக நிறுத்தாமல் வலப்பக்கச் சக்கரத்தில் கை வைக்க மாட்டேன். ஊர்ந்து போய் நல்ல இடம் பார்த்து நிறுத்தி மாற்றுங்கள்.

மாற்றும்போது பிள்ளைகளும் அத்தையும் இறங்கியிருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக், முதல் கியர், எதிர்மூலைச் சக்கரத்துக்குக் கல். வண்டியைத் தூக்குவதற்கு முன்பே நட்டுகளை அரைச்சுற்று இளக்கிவிடுங்கள், தூக்கிய பிறகு இளக்கினால் சக்கரம் சுற்றும், வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். கை பலம் போதாவிட்டால் ஸ்பேனரைக் கிடைமட்டமாக மாட்டி, காரைப் பிடித்துக்கொண்டு காலால் மெதுவாக அழுத்துங்கள். ஓரத்தில் மண் இளகலாகத்தான் இருக்கும், ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு சாண் அகலப் பலகைத் துண்டு டிக்கியில் கிடக்கட்டும். ஜாக்கி வைக்கும் இடம் கதவுக்குக் கீழே விளிம்பில் இரண்டு வெட்டு போட்டுக் காட்டியிருக்கும், வேறெங்கும் வைத்தால் தகடு மடங்கும். கழற்றிய டயரை வண்டிக்கு அடியில் படுக்கப் போடுங்கள். ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன்மேல் உட்காரும். நட்டுகளை வரிசையாக முறுக்காமல் எதிரெதிராக முறுக்கி, வண்டியை இறக்கிய பிறகு இன்னொருமுறை இறுக்குங்கள். ஐம்பது கிலோமீட்டர் போய் மறுபடியும் பாருங்கள்.

பல வண்டிகளில் ஸ்டெப்னி மற்ற டயர்களைவிட ஒல்லியாக இருக்கும். அதில் எண்பதுக்கு மேல் போகக் கூடாது, பக்கச்சுவரிலேயே அச்சடித்திருப்பார்கள். ஸ்டெப்னியில் காற்றே இல்லாமல் வருகிறவர்கள்தான் எங்களிடம் அதிகம். ஒவ்வொரு முறை காற்றுப் பிடிக்கும்போதும் டிக்கியைத் திறந்து அதற்கும் பிடிக்கச் சொல்லுங்கள். பையன் சலித்துக்கொள்வான், விடாதீர்கள். டயரின் வயதையும் பாருங்கள்: பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ம் ஆண்டு 23-வது வாரம் செய்தது. ஓடாத ஸ்டெப்னியும் ரப்பர்தான், வெடிப்பு விட்டிருந்தால் கொடைக்கானலுக்கு அதை நம்பிப் போக வேண்டாம்.

ஓடும்போதே டயர் வெடித்தால் பிரேக்கை மட்டும் மிதித்துவிடாதீர்கள். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து நேராக வைத்து, ஆக்ஸிலரேட்டரை மெதுவாக விடுங்கள். வேகம் தானாக இறங்கட்டும், அப்புறம் இடப்பக்கம் ஒதுங்கலாம்.

மே மாதம் கிளம்புவதற்கு முன் இந்தப் பக்கம் வந்தால் பட்டறைக்கு வாருங்கள். ஃபேன் ரிலே, பிரேக் ஆயில், பெல்ட், ஸ்டெப்னி நாலையும் பார்த்துத் தருகிறேன். அத்தைக்கு உட்கார நாற்காலி இருக்கிறது, பக்கத்துக் கடையில் டீ நன்றாக இருக்கும்.